நாலு பேப்பருக்கும் ஒரே பதில்

இருங்கோ பிள்ளை, இருங்கோ. முன்னுக்கு ஒருத்தரும் இல்லை. தமிழெண்டு கண்ட உடன தெரிஞ்சது. இந்த ரெயில் பெட்டியில எங்கட ஆக்கள் எண்டு நாங்கள் ரெண்டு பேரும்தான். கடைசி ஸ்டேசன் மட்டுமோ? நானும் அங்கதான். ஒண்டரை மணித்தியாலம் கிடக்கு. போனைப் பாக்கிறதெண்டால் பாருங்கோ, நான் குறை நினைக்கமாட்டன். நான் பாட்டுக்குக் கதைப்பன். என்ர மனிசி சொல்லுவா, உங்களுக்குக் கதை கேக்க ஆள் வேணுமெண்டில்லை, முன்னால ஒரு கதிரை கிடந்தாக் காணுமெண்டு.

என்ர பேர் சபாநாதன். டெனிஷ்காரருக்கு சபா. அதுக்கு மேல அவையின்ர நாக்குப் போகாது. இருபத்திரண்டு வருசம் ஒரே கொம்பனியில வேலை. மா மில். பெரிய மில்லெண்டு நினைக்காதேங்கோ, எல்லாமா இருபத்தாறு பேர். மருந்தடிக்காத கோதுமையும், கறுப்புப் பாணுக்குப் போடுற தானியமும் அரைச்சு, சின்னப் பைகளில அடைச்சுக் கடையளுக்கு அனுப்புறது. முதலாளி ஹென்னிங். தகப்பன் தொடங்கின மில், இப்ப இவர் நடத்துறார். நல்ல மனிசன். இதை முதலே சொல்லிப்போடுறன். ஏனெண்டால் கோயிலடியில அவரைப் பற்றி வேற கதை திரியுது.

நான் வந்து இறங்கின காலத்தில ஒருத்தனும் வேலை தரேல்லை. இவர்தான் தந்தவர். என்ர அம்மா செத்தபோது தானே ரிக்கற் எடுத்துத் தந்து, தன்ர காரில எயாப்போட் மட்டும் கொண்டுவந்து விட்டவர். வழி முழுக்க ஒரு கதையும் கதைக்கேல்லை. அது எனக்குப் பிடிச்சிருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு சும்மாவே சொல்லி வைச்சவை?

சரி, கதைக்கு வாறன். மூண்டு வருசத்துக்கு முந்தின வசந்தகாலத்தில ஒரு சங்கம் எங்கட மில்லுக்கு வந்தது. பெரிய கொம்பனியளெண்டால், தொழிலாளரை வடிவாப் பாக்கிறமோ, ஆத்துக்குள்ள கழிவு விடாமல் இருக்கிறமோ, ஊருக்கு என்ன செய்யிறம் எண்டு பாக்கிறதுக்கெண்டே ஒரு பகுதி வைச்சிருப்பாங்கள். சின்னக் கொம்பனிக்காரனுக்கு ஆர் இருக்கினம்? முதலாளியும் அவற்ற மனிசியும்தான். அதுக்குத்தான் இந்தச் சங்கம். வந்து பாத்து, குறை இருந்தாத் திருத்திறதுக்கு உதவி செய்வினம். ஐரோப்பா முழுக்க இப்பிடிச் சங்கங்கள் இருக்காம். சமூகப் பொறுப்பு எண்டு சொல்லுவினம். டெனிஷில அந்தச் சொல் ஒரு முழம் நீளம், நான் ரெண்டு நாளாச் சொல்லிப் பழகினனான்.

வந்தது லோனே எண்டொரு பொம்பிளை. நரைச்ச தலை. ஸ்டேசனில இருந்து சைக்கிளில வந்தவ. தலையில போட்ட ஹெல்மெற்றைக் கழட்ட மறந்து, எல்லாரையும் கூப்பிட்டு வைச்சு அப்பிடியே நிண்டு கதைச்சவ. இது சோதனை இல்லை, ஆருக்கும் தண்டனை இல்லை, குறையைச் சொன்னாத்தான் நாங்கள் உதவலாம், உதவிக்கு எங்களிட்டைப் பணமும் கிடக்கு, வைத்தியரும் இருக்கினம் எண்டு சொன்னவ. நான் பின்னால நிண்டு சிரிச்சனான். எனக்கு முன்னால நிண்ட பெடியன் திரும்பிப் பாத்தவன்.

ஏன் சிரிச்சனான் எண்டு உங்களுக்கு விளங்கும். இல்லாட்டி விளங்காது, நீங்கள் சின்னப்பிள்ளை. எங்கட ஊரிலயும் சண்டைக் காலத்தில பேப்பரோட வந்து கேட்டவைதானே. என்ன பிரச்சினை, ஆருக்குப் பிரச்சினை, பயப்பிடாமல் சொல்லுங்கோ எண்டு. பேப்பரோட வாறவனுக்கு ஒரே பதில்தான். ஒரு பிரச்சினையும் இல்லை, ஐயா. என்ர தம்பி ஒருக்கா பதில் சொன்னவன். அதுக்குப் பிறகு நாங்கள் அவனைக் காணேல்லை. சரி, அது வேற கதை.

எங்கட மில்லில தமிழ்ப் பொம்பிளையள் நாலு பேர். எல்லாரும் நான் சேத்துவிட்ட ஆக்கள்தான். அதில ஒராள் தவமலர். நாப்பது வயதில கலியாணம் கட்டி இஞ்ச வந்த பிள்ளை. வந்து மூண்டாம் வருசம் புருசன்காரன் விட்டிட்டுப் போட்டான். டெனிஷ் ஒரு சொல் ஏறாது. வேலையெண்டால் யந்திரம் மாதிரிச் செய்வா. பெரிய மூட்டையளை வெட்டிக் கொட்டுற இடத்திலதான் அவவுக்கு வேலை.

சங்கத்துக்காரர் ஆளுக்கொரு பேப்பர் குடுத்தவை. டெனிஷில ரெண்டு பக்கம். லோனே சொன்னவ, தமிழ் ஆக்களுக்கு வெளியில இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவம் எண்டு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கேக்க வெளியில இருந்து ஒராள் ஏன்? இருபது வருசமா எங்கட ஆக்களின்ர கடிதம், டொக்டர், பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் நான்தான் வாய். ஹென்னிங்கும் சொன்னவர், சபா இருக்கேக்க வேற ஆள் தேவையில்லை, அவனில எனக்கு முழு நம்பிக்கை எண்டு. லோனே யோசிச்சவ. பிறகு சரியெண்டவ.

சாப்பாட்டு அறையில ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு வைச்சு நிரப்பினனான். முதல் மூண்டு பேரும், நீங்களே பாத்து எழுதுங்கோ அண்ணை எண்டிட்டுப் போட்டினம். தவமலர்தான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவ.

"அண்ணை, மூட்டையை வெட்டிக் கொட்டேக்க நெஞ்சு இறுகுது. மூச்சு விடேலாமல் முட்டு இழுக்குது. ஞாயிற்றுக்கிழமை ஒண்டும் இருக்காது. திங்கக்கிழமை வந்தாத் திரும்பவும் தொடங்கும். ஊருக்குப் போய் நிண்ட ஒரு மாசமும் எனக்கு ஒண்டுமில்லை. இதை அவையளுக்கு வடிவாச் சொல்லிவிடுங்கோ."

சரி பிள்ளை, சொல்லுறன் எண்டனான். அவ எழும்பிப் போனாப் பிறகு எழுதினனான். பிரச்சினை ஒண்டும் இல்லை, வேலை பிடிச்சிருக்கு. நாலு பேப்பரிலயும் அதுதான். எழுத்து மட்டும் கொஞ்சம் மாத்தி மாத்தி எழுதினனான், ஒரே கையெண்டு தெரியாமல்.

நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை. ஒரு வீட்டுக்கு வெளியாக்கள் வந்திருக்கினம். வீட்டுக்காரன் தேத்தண்ணி குடுத்து இருத்தி வைச்சிருக்கிறான். அந்த நேரம் அடுப்படிக் குறையை எடுத்து வைக்கிறதே? ஹென்னிங்கின்ர முகத்தை நான் பாக்கவேண்டாமோ? அதோட குறை சொன்ன ஆளை ஞாபகம் வைச்சிருப்பாங்கள். நுணலும் தன் வாயால கெடும். நான் அந்தப் பிள்ளையைக் காப்பாத்தினனான். அப்பிடித்தான் நான் நினைச்சனான். இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன்.

ரெண்டு மாசத்தால சங்கத்தின்ர அறிக்கை வந்தது. தொழிலாளர் பகுதியில ஒரு குறையும் இல்லையாம். லோனே ஹென்னிங்குக்குச் சொன்னவவாம், மா மில்லுகளில வழமையாத் தூசிப் பிரச்சினை வரும், தூசியை உறிஞ்சுற மெசினுக்கெண்டுதான் பணம் ஒதுக்கி வைச்சிருந்தனாங்கள், உங்கட ஆக்கள் ஒருத்தரும் சொல்லேல்லை, அப்ப அந்தப் பணத்தை வேற நல்ல காரியத்துக்கு எடுங்கோ எண்டு. அவர் மில்லுக்குப் பின்னால பூக்கண்டு வைச்சு, பத்துத் தேனீப் பெட்டி வாங்கி வைச்சவர். கேக் வெட்டி, உள்ளூர்ப் பேப்பரில படமும் வந்தது. படத்தில நானும் நிக்கிறன். அந்த வருசக் கடைசியில எல்லாருக்கும் ஆளுக்கொரு போத்தில் தேன். நல்ல தேன் பிள்ளை. பொய் சொல்லக் கூடாது.

தவமலர் ஒருக்காக் கேட்டவ, அண்ணை, சொன்னனியளே எண்டு. சொன்னனான், பாப்பினம் எண்டனான். ஒரு ஆறுதலுக்குச் சொல்லுறதுதானே. மாரி தொடங்கேக்க திரும்பவும் கேட்டவ. அவைக்கு எத்தினை வேலை பிள்ளை, கொத்தமல்லி அவிச்சுக் குடியும் எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு கேக்கேல்லை. வாயைச் சுத்தி ஒரு சால்வையைக் கட்டிக்கொண்டு வேலை செய்தவ. தேன் போத்திலை மட்டும் வாங்கேல்லை. எனக்கு அந்தத் தேன் வேண்டாம் அண்ணை, நீங்களே கொண்டுபோங்கோ எண்டவ. எனக்கு அது பிடிக்கேல்லை. முதலாளி தாறதை வேண்டாமெண்டு சொல்லுறது என்ன பழக்கம்?

போன வருசம் மாசியில, மூட்டை கொட்டுற இடத்தில விழுந்தவ. நான் ஓடிப்போய்ப் பாக்கேக்க உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. முகமெல்லாம் மா. அம்புலன்சுக்காரன் துடைச்சுத் துடைச்சுத்தான் ஒட்சிசன் மாஸ்க்கைப் போட்டவன். பன்னிரண்டு நாள் ஆசுப்பத்திரி. நெஞ்சு பழுதாப் போச்சாம், இனி மாப் பக்கமே போகக்கூடாதாம். அவ இருக்கிறது மூண்டாம் மாடி, லிஃப்ற் இல்லை. ஒவ்வொரு மாடிக்கும் நடுவில இருந்து இருந்து ஏறவேணும்.

பிறகு, வேலையால வந்த வருத்தத்துக்குக் காசு குடுக்கிற அரசாங்கக் கந்தோர் என்ன கேட்டதெண்டால், இந்த வருத்தம் மாவால வந்ததோ, இல்லாட்டி முதலே இருந்ததோ எண்டு. ஏனெண்டால் சின்ன வயதில ஊரில அவவுக்கு முட்டு இருந்தது, அதை அவவே டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டா. பாத்தியளே, வாயை. மாவால வந்ததெண்டு எழுதப்பட்டால் அவ இனி வேலைக்குப் போகவேண்டாம், எல்லாம் அரசாங்கம் பாக்கும். இல்லையெண்டால் எங்கயாவது வேலை தேடத்தான் வேணும், அந்த நெஞ்சோட. விழுகிறதுக்கு முதல் வேலையிடத்தில ஆருக்காவது சொன்னவவோ எண்டு கேட்டு ஹென்னிங்குக்குக் கடிதம் வந்தது. சொன்னவ எண்டு அவர் கையெழுத்து வைச்சால் போதும்.

ஹென்னிங் என்னைத் தன்ர அறைக்குக் கூப்பிட்டவர். சங்கத்தின்ர அந்தப் பழைய பேப்பரை மேசையில வைச்சிருந்தார். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே சபா, சொல்லியிருந்தா அடுத்த கிழமையே மெசின் போட்டிருப்பனே, நான் எல்லாரையும் கேட்டனான்தானே எண்டு திரும்பத் திரும்பச் சொன்னவர். பிறகு அவவின்ர வீட்டை போவம் வா, நான் நேர கேக்கவேணும் எண்டவர். நான் வேண்டாமெண்டு சொல்லிப் பாத்தனான். அவ களைச்சுப்போய் இருப்பா, பிறகு போவம் எண்டனான். மனிசன் காரை எடுத்திட்டார்.

மூண்டு மாடியும் ஏறிப் போனம். அவருக்கே மூச்சு வாங்கினது. தவமலர் சோபாவில தலையணையை முதுகுக்கு வைச்சுக்கொண்டு இருந்தவ. எங்களைக் கண்டு எழும்பப் பாத்தவ, நான் இரும் எண்டனான். ஹென்னிங் பக்கத்தில ஒரு குட்டிக் கதிரையில இருந்து, அவவைப் பாத்தபடி என்னட்டைச் சொன்னவர், ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை எண்டு கேள் சபா எண்டு.

முதலாளி சுகம் விசாரிக்கிறார் எண்டனான் நான்.

"என்ன சுகம் அண்ணை. நான் நீங்கள் எழுதின அண்டைக்கே சொன்னதுதானே. கேட்டிட்டும் பேசாமல் இருந்திட்டுத் தேனீ வளத்தவர். எங்கட நெஞ்சு இவைக்கு ஒரு நெஞ்சே? ஏன் அப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

நீங்கள் வந்தது தனக்குப் பெரிய ஆறுதலாம் எண்டு நான் ஹென்னிங்குக்குச் சொன்னனான்.

அவர் கோட்டுக்குள்ளால அந்தக் கடிதத்தை எடுத்தவர். பேனையும் எடுத்து மூடியைக் கழட்டிப்போட்டார். எனக்குச் சொல்லாட்டிப் பரவாயில்லை, வேற ஆருக்கெண்டாலும் சொன்னவவோ, உனக்கு, சங்கத்துக்காரருக்கு, பக்கத்தில வேலை செய்யிற ஆளுக்கு, ஒருக்காவது சொன்னவவோ, கேள் எண்டவர். பேனையைக் கடிதத்துக்கு மேல பிடிச்சபடி இருந்தவர். நான் பாத்துக்கொண்டிருந்தனான். வாயைத் துறந்து, ஓம், எனக்குச் சொன்னவ எண்டு சொல்லுறதுக்கு எவ்வளவு நேரம் செல்லும்? அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, கன நேரம் இருந்தது. கீழ ரோட்டில ஒரு பஸ் வந்து நிண்டு ஆக்களை ஏத்திக்கொண்டு போனது கூட எனக்குக் கேட்டது.

நான் தவமலரைப் பாத்து, மருந்தெடுத்தும் ஏதும் சுகம் கண்டதோ பிள்ளை எண்டு கேட்டனான்.

அவ இல்லையெண்டு தலையாட்டினவ. மெதுவா, ரெண்டு பக்கமும்.

ஹென்னிங் அதைத் தன்ர கண்ணாலயே பாத்தவர். பேனையை மூடிப்போட்டார். கடிதத்தை மடிச்சுத் திரும்பவும் கோட்டுக்குள்ள வைச்சவர். நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை, கவனிச்சியளே? தலையாட்டினது அவ. அவரிட்டை நான் வாயே துறக்கேல்லை.

பிறகு மனிசன் அழுதிட்டார். அறுபத்திமூண்டு வயது, ஆறடி உயரம், அந்தக் குட்டிக் கதிரையில இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதவர். தவமலருக்குப் பாவமாப் போச்சு. எட்டி அவற்ற கையைப் பிடிச்சு, அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணை, இனி என்ன செய்யிறது எண்டு தானும் அழுதவ. அந்த ஒரு வசனத்தை மட்டும் நான் அப்பிடியே சொன்னனான். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சபடி அழுதுகொண்டிருந்தவை. ஒருத்தரின்ர பாசை ஒருத்தருக்குத் தெரியாது. நடுவில நான் நிண்டனான். எனக்கு ஒண்டும் வரேல்லை. கண்ணீரும் இல்லை, நெஞ்சில ஒரு குத்தும் இல்லை. பல்லுப் புடுங்கிறதுக்கு முன்னம் ஊசி போட்டால் முரசு விறைச்சு மரத்துப்போய்க் கிடக்குமே, அப்பிடி. வெளிக்கிடேக்க அவ சொன்னவ, நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு வாயில்லை அண்ணை எண்டு. அதுக்கும் ஒண்டும் வரேல்லை.

கந்தோரில இருந்து முடிவு வந்தது. மாவாலதான் வந்ததெண்டு நிறுவ ஏலாதாம். நான்தான் வாசிச்சுச் சொன்னனான். இப்ப அவவை முதியோர் இல்லமொண்டில ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் துணி மடிக்க விட்டிருக்கினம், ஏலுதோ எண்டு பாக்க. ஏலாதெண்டு அவையே கண்டுபிடிக்கிற மட்டும் போகத்தான் வேணும். கோயிலடியில ஹென்னிங்கைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் திட்டுறா. எங்கட நெஞ்சைத் திண்டிட்டுத் தேன் தந்தவன் எண்டு. எனக்கு அதுதான் பொறுக்கேல்லை. அந்த மனிசன் அவவுக்கெண்டு தானே கொண்டுவந்து ஒரு கதிரை போட்டுக் குடுத்தவர், மாடிப்படியில நடுவில இருந்து ஏற. அதை ஆர் கதைக்கினம்? ஹென்னிங்கும் பழைய ஹென்னிங் இல்லை. போன மாசம் கேட்டவர், ஏன் சபா உங்கட ஆக்கள் என்னில நம்பிக்கை வைக்கேல்லை எண்டு. இருபத்திரண்டு வருசம் அவற்ற பேரைக் காப்பாத்தினவனைப் பாத்துக் கேக்கிற கேள்வியே அது?

மனிசி சொல்லுறா, நான் டீவியைச் சத்தமில்லாமல் போட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறனாம். எனக்குத் தெரியேல்லை. கறிக்கு உப்பில்லையெண்டாலும் எனக்குத் தெரியிறேல்லை. டொக்டரிட்டைப் போகச் சொல்லுறா. போய் என்னத்தைச் சொல்லுறது? ஒரு பிரச்சினையும் இல்லையே.

நல்ல காரியமும் நடந்தது, சொல்லாமல் விடக்கூடாது. போன கிழமை லோனே போன் எடுத்தவ. தவமலரின்ர சங்கதிக்குப் பிறகு சங்கத்துக்காரர் இருந்து யோசிச்சிருக்கினம், தமிழ்ப் பொம்பிளையள் ஏன் வாய் துறக்கினமில்லை எண்டு. அவையின்ர பாசையில, அவையின்ர ஆளே போய் ஆறுதலா இருந்து கேட்டால்தான் சொல்லுவினம் எண்டு முடிவெடுத்திருக்கினம். இனிமேல் தமிழாக்கள் வேலை செய்யிற சின்னக் கொம்பனி எல்லாத்துக்கும் நான் போறதாம். ஹென்னிங்தான் என்ர பேரைக் குடுத்தவர். பாருங்கோ, அவருக்கு என்னில இன்னும் நம்பிக்கை. முதல் இடம் இந்தக் கடைசி ஸ்டேசனடியில, மீன் வெட்டிப் பெட்டியில அடைக்கிற ஒரு கொம்பனி. நாளைக்குக் காலமை பத்து மணிக்கு. பதினொரு தமிழ்ப் பொம்பிளையளாம்.

நீங்கள் அங்க எங்க பிள்ளை வேலை?

அட. அதேதானே. அப்ப அந்தப் பதினொண்டில நீங்களும் ஒராள். நல்லதாப் போச்சு, ஒரு முகமாவது தெரிஞ்ச முகம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, உங்கட பேப்பரையும் நானே நிரப்பி விடுறன்.

என்ன? நீங்களே கதைப்பியளோ? எத்தினை காலமா டெனிஷ் படிக்கிறியள்? மூண்டு மாசம். பிள்ளை, மூண்டு மாசத்தில என்ன படிப்பிச்சிருப்பாங்கள்? பேர், ஊர், இஞ்ச நோகுது. அதை வைச்சுக்கொண்டு அவைக்கு என்னத்தைச் சொல்லப் போறியள்?